பொன்னுத்தாய்க்கு வைத்த இரங்கல் கூட்டம்

புதிதாகக் கிளைச் செயலாளர் ஆகியிருக்கும் நீங்கள், போனஸ் பேச்சுவார்த்தையில் எப்போது மேசையைத் தட்ட வேண்டும், எப்போது டீ வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்று நான் சொல்லித் தருவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதையெல்லாம் நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். மேசை தட்டத் தெரிந்தவர்களுக்கு நம் சங்கத்தில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. கிளைச் செயலாளராக இருந்த காலம் முழுக்க நான் அதிகம் திணறியது மானேஜர் பங்களாவில் இல்லை. சுடுகாட்டுப் பக்கத்தில்தான். அதனால் இன்று சாவு வீட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், சிரிக்கவும் இடம் இருக்கிறது.

மலைக்குக் கீழே, கம்பம் பக்கமெல்லாம், அடக்கம் முடிந்தால் குளித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே கேரளத்தில் அப்படி லேசில் விடமாட்டார்கள். குழியை மூடிய கையோடு எல்லாக் கட்சிக்காரர்களும் எல்லாச் சங்கத்துக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து அனுசோசன யோகம் என்று ஒரு கூட்டம் போடுவார்கள். இரங்கல் கூட்டம்தான். அன்றைக்கு மட்டும் சண்டைக்காரர்கள் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். நம் எஸ்டேட்டுத் தமிழர்களும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கங்காணி செத்தால் கூட்டம், கமிட்டிக்காரர் செத்தால் கூட்டம், டீக்கடைக்காரர் செத்தால்கூட, கடன் சொல்லிக் குடித்தவர்கள் முன்னால் நின்று ஒரு கூட்டம்.

எனக்கு முன்னால் செயலாளராக இருந்தவர் நல்ல மனிதர். பதவியை ஒப்படைத்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நாலு வரி மனப்பாடம் பண்ணி வச்சுக்கோ. எந்தச் சாவுக்கும் பொருந்தும். நெஞ்சு வெடிக்கும் செய்தி, ஈடுசெய்ய முடியாத இழப்பு, தொழிலாளி வர்க்கத்தின் தூண், குடும்பத்தாரின் துயரத்தில் பங்குகொள்கிறோம். நடுவுல பேரை மட்டும் மாத்திப் போட்டுக்கோ" என்றார்.

அந்த நாலு வரி எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்பதை ஒரு தடவை கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் எஸ்டேட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் கங்காணிகள். அண்ணன் இறந்துபோனார். வெளியூரிலிருந்து வந்த தலைவர் ஒருவர் பெயரைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு தம்பிக்கு இரங்கல் தெரிவித்தார். தம்பி முன்வரிசையில் தலையில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். தலைவர் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைக்கிறார். ஒருத்தரும் வாயைத் திறந்து திருத்தவில்லை. கூட்டம் முடிந்ததும் தம்பி என்னிடம் வந்து, "நான் இம்புட்டு நல்லவன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும் செக்ரட்டரி" என்றார். அதற்கப்புறம் கொஞ்ச காலம் யாரையும் வையாமல்கூட இருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது. ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே ஆள் இருக்கிறது. கொழுந்து கிள்ளும் பொன்னுத்தாய் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். சங்கத்தில் பாதிக்குமேல் பெண்கள், சந்தா கட்டுவதும் அவர்கள், ஊர்வலம் போனால் தொண்டை கிழியக் கத்துவதும் அவர்கள். ஆனால் ஒரு பெண்ணாள் செத்தால் கூட்டம் வைக்கிற வழக்கம் எந்த எஸ்டேட்டிலும் கிடையாது. காலையில் அடக்கம் முடிந்தால், மறுநாள் சங்கு ஊதியதும் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போய்விடுவார்கள்.

பொன்னுத்தாயின் புருஷன் மாடசாமி, ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. பேசவே மாட்டார். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவார். அதிலும் ஆமாமா இல்லையா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் எந்த இரங்கல் கூட்டமானாலும் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சுகளைத் தலைமேல் வைத்துச் சுமந்து வருவது அவர்தான். கூட்டம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவதும் அவர்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம் சங்க ஆபீசு வாசலில் வந்து நின்றார். கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் உள்ளே இருந்தோம்.

"என்ன மாடசாமி அண்ணே, உள்ள வாங்க."

"யோகம் வைக்கணும்" என்றார்.

"யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கு. மைக்கு வச்சு."

பார்க்கலாம் அண்ணே, கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன் என்றேன். அவர் வெளியே போய் நின்றுகொண்டார். போகவில்லை, ஜன்னல் ஓரமாகவே நின்றார். உள்ளே தங்கராசு என்று ஒரு கமிட்டிக்காரன், நல்ல உழைப்பாளி, ஆனால் நாக்கில் எலும்பே கிடையாது. "பொன்னுத்தாய்க்கா யோகம்? என்னத்தண்ணே பேசுறது? மானேஜர் காதே வலிக்கிற மாதிரி வாயாடுனான்னு பேசுறதா?" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஏனென்றால் அது உண்மை. அந்த மலையிலேயே அப்படி ஒரு வாயாடி கிடையாது. குழாயடியில், ரேஷன் கடையில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், எங்கே போனாலும் பொன்னுத்தாய் சத்தம்தான் முதலில் கேட்கும்.

சிரிப்பு அடங்குவதற்குள் மாடசாமி உள்ளே வந்துவிட்டார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"சிரிச்சா சிரிங்க. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருந்தா அதுக மூஞ்சியிலயாச்சும் அவளப் பாத்துக்கிடுவேன். வீடு சத்தமில்லாமக் கெடக்கு, செக்ரட்டரி. உள்ள போக முடியல. அவளப் பத்தி யாராச்சும் நாலு வார்த்த சொன்னா நான் உக்காந்து கேட்டுக்கிடுவேன். எனக்குச் சொல்லத் தெரியல. அவதான் பேசுவா, நான் கேப்பேன். அப்படியே பழகிப்போச்சு."

தங்கராசு தரையைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேஷன் கடை முற்றத்தில் கூட்டம் என்று அங்கேயே முடிவு செய்தோம். மற்ற இரண்டு சங்கத்துக்கும் நானே நேரில் போய்ச் சொன்னேன். ஒரு சங்கத்துத் தலைவர் மலையாளி, வயதானவர், பெரிய பேச்சாளர். "ஒரு கொழுந்துகாரிக்கோ?" என்று புருவத்தைத் தூக்கினார். ஆனால் எங்கள் சங்கம் கூப்பிட்டு அவர் வரவில்லை என்றால் பேச்சாகிவிடும். வருகிறேன் என்றார். அடுத்த வாரம் மூன்று சங்கமும் சேர்ந்து கம்பெனியிடம் பேச வேண்டியிருந்தது. அதனால் யாரையும் முகம் கோணவைக்க முடியாத நேரம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஏலப்பாறையிலிருந்து மைக் செட் வந்தது. பெஞ்சை யார் தூக்குவது என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடசாமி இரண்டு பெஞ்சைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார். "அண்ணே, இன்னைக்கு வேண்டாம்ணே" என்று பிடுங்கினோம். விடவில்லை. பெஞ்சைப் போட்டுவிட்டு, துண்டால் துடைத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்தார். சலவை வேட்டி. முகம் மழித்திருந்தார். பெண்களெல்லாம் கூட்டமாக வந்து ஒதுங்கி நின்றார்கள். இரங்கல் கூட்டத்தில் அவர்களுக்குப் பெஞ்சு போடுகிற வழக்கமும் கிடையாது.

மலையாளித் தலைவர்தான் முதலில் பேசினார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். "பொன்னுத்தாய் சகாவு", அதாவது தோழர் பொன்னுத்தாய், என்று ஆரம்பித்தார். பெரிய ஸ்டிரைக்கில் போலீஸ் லத்தியோடு வந்தபோது முன்வரிசையில் மார்பைக் காட்டி நின்ற வீராங்கனை என்றார். அடித்தாலும் பின்வாங்காத தீரவனிதை என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஸ்டிரைக்கில் நானும் இருந்தேன். பொன்னுத்தாயை அங்கே பார்க்கவில்லை.

மாடசாமி எழுந்து நின்றார்.

"அய்யா, அது அவ இல்லீங்கய்யா. அன்னைக்கு அவளுக்குப் பல்லுவலி. கன்னம் வீங்கி வீட்டுலதான் படுத்துக்கெடந்தா."

மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. பேச்சைப் பாதியில் நிறுத்தி, மைக்கை என் கையில் திணித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவருடைய ஆட்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். எழுந்து போவதற்கு அதுதான் அடையாளம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கையில் மைக். வாயில் அந்த நாலு வரி. ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று தொடங்கினால் அந்த மனிதர் மறுபடியும் எழுந்து நின்று, அது என்ன இழப்பு என்று கேட்டாலும் கேட்பார் போலிருந்தது. முன்னால் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பொன்னுத்தாயைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? குழாயடியில் கத்துவாள் என்று தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. தெரியாததை எப்படிப் பேசுவது?

அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது இதுதான். "பொன்னுத்தாய்க்குப் பக்கத்து நிரை யாரு?" என்று மைக்கில் கேட்டேன்.

உங்களில் காட்டு வேலை பார்க்காமல் நேராக ஆபீசுக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து கிள்ளும்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசை. அதுதான் நிரை. பக்கத்து நிரையில் நிற்பவள் அநேகமாக வருஷக்கணக்கில் மாறமாட்டாள். புருஷனோடு இருக்கிற நேரத்தைவிட அவளோடு இருக்கிற நேரம்தான் அதிகம். மழை, அட்டைக்கடி, வயிற்றுவலி, பேறுகாலம் எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

பெண்கள் கூட்டத்தில் சலசலப்பு. "ஏட்டி செல்லம்மா, நீதான, போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். செல்லம்மா வரமாட்டேன் என்று கால் ஊன்றிக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். நான் மைக்கை நீட்டினேன்.

"அத அங்கிட்டுத் தள்ளி வையிங்க செக்ரட்டரி. கடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

"என்னத்தச் சொல்ல? அவ வாய மூடமாட்டா. காலையில நெரையில எறங்குனா பேசத் தொடங்குவா, கொழுந்து நிறுக்கப் போறவரைக்கும் பேசுவா. எனக்கு மண்டையிடிக்கும். ஏ மதினி, செத்த சும்மா கெடயேன்னு எத்தன நாளு வஞ்சிருக்கேன். கங்காணிகிட்ட போயி, எனக்கு நெரைய மாத்திக் குடுங்கன்னுகூடக் கேட்டேன். நெசமாத்தான் சொல்லுதேன்."

கூட்டத்தில் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"ஆனா மஞ்சு எறங்குமுல்லா, பக்கத்துல நிக்கிறவளே தெரியாம. காட்டுமாடு நின்னாலும் தெரியாது, பள்ளம் இருந்தாலும் தெரியாது. அப்ப அவ சத்தம் மட்டும் கேக்கும். அவ பேசுற பக்கம்தான் நெரைன்னு நாங்க பாட்டுக்குக் கிள்ளிக்கிட்டே போவோம். மேல நிக்கிறவளும் அத வச்சுத்தான் போவா, கீழ நிக்கிறவளும் அத வச்சுத்தான் போவா. அவ எங்களுக்காகப் பேசல. அவளுக்குப் பேசாம இருக்க முடியாது, பேசுனா. நேத்து காலையில மஞ்சு எறங்குச்சு. ஒருத்தி வாயத் தெறக்கல. எங்கிட்டுப் போறதுன்னே தெரியல. அப்படியே நின்னுட்டோம். கங்காணி வந்து, ஏன் நிக்கிறீகன்னு சத்தம் போட்டாரு. என்னன்னு சொல்ல? பொன்னுத்தாய் பேசலன்னா சொல்ல முடியும்?"

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தவர்கள்கூட அப்படியே இருந்துவிட்டார்கள். அத்தோடு முடித்திருந்தால் நல்ல கூட்டம் என்று பெயர் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மேல் நிரைக்காரி மரியபுஷ்பம் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏ செல்லம்மா, பேசுனா பேசுனாங்கிறியே, என்ன பேசுனான்னு சொல்லு."

செல்லம்மா மாடசாமியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"என்ன பேசுவா? எல்லாம் இந்த அண்ணனப் பத்தித்தான்."

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி மாற்றி ஒருத்தி ஆரம்பித்தார்கள். மைக் இருப்பதே மறந்துபோயிற்று.

"அண்ணன் கொறட்ட விட்டா கூரத்தகரம் ஆடும்பா."

"கொழம்ப வாயில வைக்கதுக்கு முன்னாடியே உப்பு கேப்பாகளாம். நாக்க எங்க வச்சிருக்காகன்னு கேப்பா."

"கம்பத்துக்குப் போயி ஆசையா ஒரு சேல வாங்கியாந்தாகளாம். சாம்பக் கலரு. அடுப்படியிலயே நிக்க மனுசனுக்கு வேற என்ன கலரு தெரியும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"லயத்து வீட்டுப் பக்கம் யானை வந்த அன்னைக்கு அண்ணன் என்ன செஞ்சாக தெரியுமா? மொதல்ல கோழியத் தூக்கி உள்ள விட்டாகளாம். பெறகுதான் பொண்டாட்டியக் கூப்பிட்டாகளாம்!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ரேஷன் கடைக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். குழந்தைகள் எதற்கென்று தெரியாமல் குதிக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் இப்படி ஒரு கூத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மலையாளித் தலைவர் என் சட்டையை இழுத்து, "இது அனுசோசன யோகமோ, சினிமா கொட்டகையோ?" என்றார். இந்தப் பக்கம் தங்கராசு, "அண்ணே நிறுத்துங்கண்ணே. மனுசன் மானம் போகுது" என்றான். மாடசாமியைப் பார்த்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நிறுத்தினால் பெண்கள் இனி ஜென்மத்துக்கும் மைக் பக்கம் வரமாட்டார்கள். நிறுத்தாவிட்டால், கேட்டு வந்து கெஞ்சிய ஒரு மனிதரை அவர் துக்கத்திலேயே வைத்து ஊர் சிரிக்கச் செய்ததாகிவிடும். ஒரு பக்கம் தலைவர் இழுக்கிறார், ஒரு பக்கம் கமிட்டி இழுக்கிறது. தலைவருக்கு நியாயம் இருக்கிறது, தங்கராசுக்கும் இருக்கிறது. ஆனால் செத்தது அவர்கள் பெண்டாட்டி இல்லையே. நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு நேராக மாடசாமியிடம் போய்க் குனிந்து, "அண்ணே, நிறுத்தச் சொல்லவா?" என்று காதில் கேட்டேன்.

துண்டை எடுத்தார். கண்ணீர் தாரையாக ஓடுகிறது. வாயெல்லாம் சிரிப்பு. மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"நிறுத்தாதீக" என்றார். "அவ பேசுற மாதிரியே இருக்கு."

கேட்டுவிட்டால் வேலை எவ்வளவு சுலபம் பாருங்கள். நான் போய்ப் பேசாமல் உட்கார்ந்துகொண்டேன். மரியபுஷ்பம்தான் கடைசியாகச் சொன்னாள். அவள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

"போன மழைக்கு அவளுக்குக் காய்ச்ச வந்துச்சுல்ல, அப்ப சொன்னா. இந்த மனுசன் மூணு நாளும் எம்பக்கத்துலயே உக்காந்திருந்தாகடி. எந்திரிச்சுப் போகவே இல்ல. ஆனா ஒரு வார்த்த, ஒத்த வார்த்த பேசல. பேசுனா என்ன, முத்தா உதுந்துரும்னு கேட்டா. வஞ்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா அத எல்லார்கிட்டயும் சொன்னா."

மாடசாமி எழுந்தார். பேசத் தெரியாது என்று சொன்ன மனிதர் நேராக மைக்கிடம் போனார். அதைப் பிடிக்கத் தெரியாமல் விறகுக் கட்டை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சேல கடையில பாக்கும்போது நீலமாத்தான் இருந்துச்சு" என்றார்.

"சாம்பதாண்ணே!" என்று பெண்கள் கத்தினார்கள்.

"யானை வந்தப்ப கோழிய எதுக்கு எடுத்தேன்னா, கோழி கத்தும். அவ சும்மா இருப்பான்னு நெனச்சேன்."

"அவளா சும்மா இருப்பா!"

அவரே சிரித்துவிட்டார். "உப்பு கேட்டது நெசந்தான்" என்றார். மைக்கில் அவர் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. "காய்ச்சல் அன்னைக்குப் பேசணும்னுதான் இருந்துச்சு. வரல. என்ன பேசுறதுன்னு தெரியல. பயமா இருந்துச்சு."

அவர் செல்லம்மாவைப் பார்த்தார்.

"வேற என்னமும் சொல்லியிருக்காளா?"

"அண்ணே, அவ சொன்னதெல்லாம் சொல்லணும்னா இந்த ஒரு நாளு பத்துமா?" என்றாள் செல்லம்மா.

"அப்ப நாளைக்கு வாரேன்" என்றார் மாடசாமி. சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் கூட்டம் முடிந்தது என்று மட்டும் சொன்னேன். நாலு வரியில் ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை.

தலைவர் கோபித்துக்கொண்டிருப்பாரோ என்று ஜீப் வரைக்கும் கூடவே போனேன். கட்டன் சாயாவை வாங்கி நிதானமாகக் குடித்தார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எடோ, நான் மரிச்சால் எனக்கும் யோகம் வைக்கும் அல்லே?" என்றார். பின்னே, பெரிதாக வைப்போம் என்றேன். "வைச்சோ. பட்சே என் பார்யாவை மைக் பக்கத்தில் விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் கம்பெனி ஆபீசில் அவரும் நானும் ஒரே பக்கமாகத்தான் உட்கார்ந்தோம்.

அதற்கப்புறம் எங்கள் கிளையில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் யார் இறந்தாலும் கூட்டம் உண்டு என்றாகிவிட்டது. பெண்களுக்குப் பெஞ்சும் உண்டு. தலைவர்கள் பேசுவதற்கு முன்னால் பக்கத்து நிரை பேச வேண்டும் என்பதை நான் ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன். அவர்கள் பேசி முடித்தபிறகு மைக்கைப் பிடிக்கிற தலைவர், வீராங்கனை, தீரவனிதை என்றெல்லாம் அள்ளிவிட முடியாது. தானாகவே அடங்கிப் பேசுவார். உங்களுக்கும் அதைத்தான் சொல்லுவேன். ஒருத்தர் என்ன சாதித்தார் என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். நம் ஆட்களுக்குச் சாதிக்க எங்கே நேரம் இருந்தது? அவரோடு நாள் முழுக்க நின்றவர் யார் என்று கேளுங்கள். அவரைப் பேசவிடுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், சிரிப்பதில் இறந்தவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

மாடசாமி சொன்ன மாதிரியே மறுநாள் போனார். ஃபாக்டரி வேலை முடிந்ததும் குழாயடிக்குப் போய் ஓரமாகக் கல்லில் உட்கார்ந்துகொள்வார். பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, பொன்னுத்தாய் சொன்னதில் ஒன்றை எடுத்து விடுவார்கள். அவர் கேட்டு மறுத்துப் பேசுவார், அவர்கள் விடமாட்டார்கள். ஆள் பேசப் பழகிவிட்டார். தங்கராசுகூட, இவரு வாயத் திறந்தா மூட மாட்டேங்கிறாரே என்று என்னிடம் அலுத்துக்கொண்டான்.

மழையெல்லாம் முடிந்து வெயில் அடிக்கத் தொடங்கிய காலம். ஒரு சாயங்காலம் சந்தா விஷயமாக லயத்துப் பக்கம் போனவன், குழாயடியில் பேச்சுக் குரல் கேட்டு நின்றேன். செல்லம்மா கையை ஆட்டி ஆட்டி, பொன்னுத்தாய் பேசுகிற மாதிரியே ஏதோ ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மாடசாமி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது அவ சொன்னது இல்லியே" என்றார். "அவ இப்படிச் சொல்லமாட்டா. இது நீ சொல்லுத."

செல்லம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தீந்து போச்சுண்ணே" என்றாள். "அவ சொன்னதெல்லாம் சொல்லியாச்சு. நீங்க தெனம் வந்து உக்காந்திருக்கீக. என்ன செய்யட்டும்?"

அவர் கல்லில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பரவாயில்ல" என்றார். "சொல்லு."